உப்பைக் கழுவும் அலை: பிச்சாவரம் தீவுகளைச் சுற்றி ஒரு நாள்

“நம்ம ஆத்துல படகு விடலாமா?” என்று ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு குழந்தை கேட்டால், வீட்டுப் பெரியவர்கள் சிரித்துவிடுவார்கள். பாலாறு என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பாலத்துக்குக் கீழே விரிந்து கிடக்கும் மணல், அதில் புதர் மண்டிய சீமைக்கருவேலம், ஓரமாகக் கறுத்து ஓடும் கழிவுநீர். 2021 நவம்பரில் வந்ததுபோல எப்போதாவது வெள்ளம் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். சில நாள்களில் அதுவும் வடிந்துவிடும்.

படகில் ஏறி, ஆளில்லாத தீவுகளைச் சுற்றி, பறவை பார்த்துக்கொண்டே ஒரு நாளைக் கழிக்க வேலூர் மாவட்டத்துக் குடும்பம் எங்கே போகலாம்? கையில் ஒரு வார இறுதி இருந்தால் போதும், பிச்சாவரம் போகலாம். காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் வரை ரயில் பாதை இருக்கிறது. அங்கிருந்து சிதம்பரம் பக்கம்தான். காரில் போனால் 200 கிலோமீட்டருக்கும் மேல். சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால், சாலை முடியும் இடத்தில் தண்ணீர் ஆரம்பிக்கிறது.

1975-ல் வெளியான எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படப்பிடிப்பு இங்கே நடந்ததால், தாத்தா பாட்டிகளுக்கு இந்த இடம் ஏற்கெனவே அறிமுகம். பேரன் பேத்திகளுக்கு அது மொபைலில் வரும் பச்சைச் சுரங்கப்பாதை வீடியோ. ஆனால், தோல் தொழில் நடக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்குப் பிச்சாவரம் சொல்ல வேறொரு கதையும் வைத்திருக்கிறது. அது உப்பின் கதை.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் கலக்கும் முகத்துவாரங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது பிச்சாவரம் சதுப்புநிலம். இதற்குள் 51 தீவுத் திட்டுகள் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சில, ஒரு அறை அளவுதான். சில, இரண்டு சதுர கிலோமீட்டர் வரை பரந்தவை. இந்தத் திட்டுகளைப் பிரித்துக்கொண்டு ஓடும் வாய்க்கால்கள்தான் படகுப் பாதை.

தண்ணீர் ஆழம் என்று பயப்பட வேண்டியதில்லை. பல இடங்களில் முழங்கால் அளவு, இடுப்பு அளவு. ஆழமான இடங்களில் சுமார் மூன்று மீட்டர். கடலுக்கும் காட்டுக்கும் நடுவே மணல்மேடு ஒன்று அணைபோல நிற்கிறது. அதில் இருக்கும் திறப்பு வழியாகக் கடல் நீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை உள்ளே வந்து, இரண்டு முறை வெளியே போகிறது. ஏற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால், இங்கே உள்ள ஒவ்வொரு உயிரும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் தன் நாளை அமைத்துக்கொள்கிறது.

2022-ல் பிச்சாவரம், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் கீழ் உலக நாடுகள் தங்கள் ஈரநிலங்களைப் பாதுகாக்கும் பட்டியல் அது.

தோலில் பிறந்த படகு

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லத்தில் துடுப்புப் படகும் மோட்டார் படகும் உண்டு. பறவை பார்க்கப் போகிறவர்கள் மோட்டாரைத் தவிர்ப்பதுதான் நல்லது. இன்ஜின் சத்தம் வளைவில் திரும்பும் முன்பே பறவைகள் எழுந்து போய்விடும். துடுப்புப் படகு நல்லது. கயாக் கிடைத்தால் இன்னும் நல்லது.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பால் மாற்றி மாற்றித் தள்ளும் ஒல்லிப் படகு. இன்று பிளாஸ்டிக்கிலும் ஃபைபரிலும் வருகிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் வடதுருவப் பனிப்பகுதியின் இன்யூட் மக்கள். மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, கடல்நாயின் தோலை மயிர் நீக்கி, தண்ணீர் புகாதபடி தைத்து அதன்மேல் இழுத்துப் போர்த்துவார்கள். தைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. காலை வேனில் ஷூ கம்பெனிக்குப் போய் நாள் முழுக்கத் தோலைத் தைக்கும் ஆம்பூர்ப் பெண்களுக்கு அந்த வேலையின் நுணுக்கம் சொல்லாமலே புரியும். ஒரு தையல் பிசகினாலும் உள்ளே தண்ணீர்.

நம் ஊர்ப் பரிசலும் அப்படித்தான். மூங்கில் பின்னலின்மேல் மாட்டுத் தோலைப் போர்த்தி ஓட்டிய காலம் உண்டு. இப்போது ஒகேனக்கல் பரிசலில் தோலின் இடத்துக்கு பிளாஸ்டிக் வந்துவிட்டது.

கயாக்கில் உட்கார்ந்தால் கண் மட்டம் தண்ணீரிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில்தான் இருக்கும். சேற்றில் கண்களைத் துருத்திக்கொண்டு தாவும் மீன், ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டிக் காட்டும் ஆண் நண்டு எல்லாம் முகத்துக்கு நேராக வரும். பெரிய படகில் நின்று குனிந்து பார்ப்பவருக்கு இது கிடைக்காது.

காலை எட்டு மணிப் பறவைகள்

படகு இல்லம் திறந்ததும் முதல் ஆளாகப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். நீர் வடிந்து சேறு தெரியும் நேரம் அமைந்தால் அதிர்ஷ்டம். அதுதான் அவற்றின் சாப்பாட்டு நேரம்.

முதலில் கண்ணில் படுவது வெள்ளைக் கொக்குகள். கரையோரம் மண் நிறத்தில் குனிந்து நிற்பது மடையான். அசையாமல் இருந்தால் சேறு என்றே நினைத்துக் கடந்துவிடுவோம். எழுந்து பறக்கும்போதுதான் பளீரென்று வெள்ளைச் சிறகு தெரியும். கிளைக்குள் சிவந்த கண்ணோடு தூங்கி வழிவது வக்கா. அதற்கு வேலை இரவில்தான். சிறகை விரித்துக் காயவைத்தபடி நிற்பது நீர்க்காகம். மேலே வட்டமிடும் செம்பழுப்பு உடலும் வெள்ளைத் தலையும் செம்பருந்து. “கருடன்” என்று பாட்டிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வது அதைப் பார்த்துத்தான்.

மீன்கொத்திகளைத் தேடுகிறவர்களுக்குப் பிச்சாவரம் ஒரு பள்ளிக்கூடம். வீட்டுப் பக்கத்துக் கிணற்றடியில்கூடப் பார்க்கும் வெண்மார்பு மீன்கொத்தி இங்கும் உண்டு. நீலக் கீற்றாகப் பாயும் சிரல் உண்டு. குளிர்காலத்தில் கருந்தலை மீன்கொத்தியும் வரும். கறுப்புத் தொப்பி, சிவந்த பெரிய அலகு, ஊதா கலந்த நீல முதுகு என்று அடையாளம் பார்த்துக்கொள்ளலாம்.

திறந்த நீர்ப்பரப்பை நெருங்கினால் மஞ்சள்மூக்கு நாரைகள். பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு அசைத்துக்கொண்டே நடக்கும். மீன் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே கரண்டிவாயன் அலகால் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருக்கும். சேற்றில் ஓடிக் குத்தும் உள்ளான்களும், அரிவாள்போல வளைந்த நீண்ட அலகுள்ள குதிரைமலைக் கோட்டானும் மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் தாண்டி வந்தவை. குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டுத் திரும்பிவிடும். பிச்சாவரத்தில் ஏறத்தாழ 175 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன.

“கை நீட்டாதீங்கக்கா, சத்தம் போடாம பாருங்க” என்று படகோட்டிகள் சொல்லும் புத்திமதி பறவைக்காக மட்டுமல்ல. கிளையைப் பிடிப்பதும் ஆபத்து. இங்குள்ள மரங்களில் ஒன்று தில்லை. அதன் பால் பட்டால் தோல் எரியும். கண்ணில் பட்டால் பெரிய அவதி. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த, நடராஜர் கோயிலின் தலவிருட்சமான அதே மரம்தான்.

உப்பைச் சமாளிக்கும் மரங்கள்

சாதாரண மரத்தை உப்புத் தண்ணீரில் நட்டால் வாடிவிடும். அலையாத்தி மரங்கள் மட்டும் எப்படி நிற்கின்றன? ஒவ்வொன்றும் ஒரு வழி வைத்திருக்கிறது. வெண்கண்டல் உப்பை உறிஞ்சி, இலை வழியாக வெளியே தள்ளிவிடும். அதன் இலையைக் கூர்ந்து பார்த்தால் உப்புத் துகள் மின்னும். சுரபுன்னை, வேரிலேயே உப்பை வடிகட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் பெருமளவு உள்ளே விடும். பந்தல்கால் ஊன்றியதுபோல் வளைந்து இறங்கும் அதன் வேர்கள்தான் பிச்சாவரத்தின் பச்சைச் சுரங்கத்துக்குத் தூண்கள். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போலத் தொங்கி, விழுந்து, சேற்றில் ஊன்றிக்கொள்ளும்.

தோல் தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புச் சத்தான டேனின், சுரபுன்னைப் பட்டையில் நிறைய இருக்கிறது. நம் ஊரில் குரோமியம் வருவதற்கு முன்பு ஆவாரம்பட்டை ஊறலில் தோலைப் போட்டு எடுத்தார்கள் அல்லவா? உலகின் பல கடற்கரைகளில் அந்த வேலையை அலையாத்தி மரப்பட்டை செய்தது. மீனவர்கள் பருத்தி வலை மக்கிப்போகாமலிருக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள்.

செத்த காடு பிழைத்த விதம்

இந்தக் காடு இவ்வளவு பச்சையாக எப்போதும் இருந்ததில்லை. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, பகுதி பகுதியாகப் பிரித்து மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். வளரவில்லை. ஆண்டுக்கணக்கில் வெறும் சேற்று நிலமாகக் கிடந்தது.

காரணம் தேடிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990-களில் கண்டது இதுதான். மரம் போனதும் வெயில் நேராக மண்ணில் அடித்தது. ஈரம் வற்றிய மண் அமுங்கி, நிலம் தட்டுபோலக் குழிந்தது. ஏற்றத்தின்போது உள்ளே வந்த கடல் நீர், வடிய வழியில்லாமல் அந்தக் குழியிலேயே நின்றது. தண்ணீர் ஆவியாக, உப்பு தங்கியது. மறுபடி நீர் வந்தது. மறுபடி உப்பு சேர்ந்தது. கடைசியில், உப்பைச் சமாளிக்கவே பிறந்த மரங்களாலும் தாங்க முடியாத அளவுக்கு மண் உப்பேறிவிட்டது.

மருந்து மிக எளிமையானது. மீன் முள்போல, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் வெட்டி, இயற்கையான ஓடையோடு இணைத்தார்கள். ஏற்றத்தில் நீர் வந்தது, இறக்கத்தில் போனது. போகும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போனது. வாய்க்கால் கரைகளில் கன்றுகள் நடப்பட்டன. வனத்துறையோடு இருளர் மக்களும் சுற்றுக் கிராமத்து மக்களும் இந்த வேலையில் கைகோத்தார்கள். தண்ணீரில் அமர்ந்து, வெறும் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இந்த ஓடைகளின் ஒவ்வொரு வளைவும் அத்துப்படி.

15 ஆண்டுகளில் காட்டின் பரப்பு சுமார் 90 சதவிகிதம் கூடியதாக, செயற்கைக்கோள் படங்களை வைத்து 2003-ல் வெளியான ஆய்வு சொன்னது. இன்று படகு நுழைந்து போகும் பசுமையில் ஒரு பங்கு, மனிதர்கள் வெட்டிய வாய்க்கால்களால் திரும்பி வந்தது.

அதே உப்பு, நம் ஆற்றில்

இப்போது பாலாற்றை நினைத்துப் பார்க்கலாம். தோல் கழிவு என்றதும் எல்லோரும் குரோமியத்தைச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால், நிலத்தையும் கிணற்றையும் சத்தமில்லாமல் கெடுத்ததில் உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு போட்டுத்தான் மண்டிக்கு வரும். டேனரியில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்கும். குரோமியத்தைப் பிரித்தெடுக்க வழிகள் உண்டு. கரைந்த உப்பைப் பிரிப்பது செலவு பிடித்த வேலை. வருடம் முழுக்க ஓடும் ஆறாக இருந்தால் ஓரளவு அடித்துக்கொண்டு போகும். மழைக்கு மட்டும் ஓடும் ஆற்றில், மணலும் அள்ளப்பட்ட பிறகு, அது அங்கேயே இறங்கித் தங்கும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ‘சூழலைக் கெடுத்தவரே அதைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. இன்றும் நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயரால் படிக்கிறார்கள். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. உப்பைப் பிரிக்கும் இயந்திரங்களும் பல இடங்களில் வந்தன. பாதிப்பு மட்டும் முழுதாகத் தீரவில்லை. 2025 ஜனவரியில், பாலாறு மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

தோல் தொழில் இந்த ஊர்களுக்குச் சோறு போடுகிறது. அதை யாரும் மறுக்க முடியாது. பிச்சாவரத்தில் உப்பு சேர்ந்ததும் பாலாற்றில் சேர்ந்ததும் ஒரே விதமும் அல்ல. அங்கே கடல் தினமும் இரண்டு முறை வந்து கழுவிக்கொடுக்கிறது. இங்கே அப்படி யாரும் வர மாட்டார்கள். உப்பை ஆற்றுக்குப் போகும் முன்பே தடுப்பதும், ஆற்றில் தண்ணீர் ஓட வழிவிடுவதும் மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை. ‘போனது போனதுதான், இனி வராது’ என்று கைவிடப்பட்ட நிலம் திரும்பி வரும் என்பதற்கு மட்டும் பிச்சாவரம் சாட்சி.

ஆளில்லாத தீவு

மதியத்துக்குள் படகுகள் கடலை ஒட்டிய மணல்மேட்டுப் பக்கம் வரை போய்வருவதுண்டு. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் என்று பெயர்கள் சொல்வார்கள். இன்று அங்கே மணல், காற்று, ஆலாக்கள், கடற்காக்கைகள். பார்க்க அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுப்பதற்கு முன்பு ஒரு நிமிடம் நிற்க வேண்டிய இடம் அது. இந்த மணல்மேட்டில் மீனவர் குடியிருப்புகள் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி அவற்றை நேருக்கு நேராகத் தாக்கியது. உயிர் பிழைத்தவர்கள் பிறகு கரைப்பக்கம் குடியேறினார்கள்.

அதே நாளில், அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இடத்தின் உயரம், கடலிலிருந்து உள்ள தூரம் போன்றவையும் காரணம் என்று விவாதம் உண்டு. ஆனாலும், வேர்கள் அலையின் வேகத்தை உடைத்தன என்பதைக் கரையோர மக்கள் கண்ணால் கண்டார்கள். அதற்குப் பிறகு இந்தக் காட்டை வெறும் விறகாக யாரும் பார்ப்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் புயல் சின்னம் இருந்தால் படகு நிறுத்தப்படும். எனவே, முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். கயாக் எல்லா நாளும் கிடைக்கும் என்று எண்ணிப் போகாமல் அதையும் கேட்டுவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். கயாக்கில் எழுந்து நிற்கக் கூடாது. முதல் முறை போகிறவர்கள் படகோட்டி துணையோடு போவதே நல்லது. ஒன்றுபோலவே தெரியும் வாய்க்கால்களில் திசை தப்பிவிடும். திரும்பும் நேரத்தில் நீர் வடிந்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

பளிச்சென்ற சிவப்பும் வெள்ளையும் தவிர்த்து, மங்கலான பச்சை, பழுப்பு உடை போடுங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மொபைலை நீர் புகாத உறையில் போட்டு, பாட்டை மட்டும் நிறுத்திவிடுங்கள். கட்டிக்கொண்டு போன ஆம்பூர் பிரியாணியையும் கத்திரிக்காய்ப் பச்சடியையும் கரையில் வைத்தே சாப்பிடுங்கள். படகிலிருந்து விழும் ஒரு பிளாஸ்டிக் கவர், வேருக்குள் சிக்கினால் எத்தனை அலை வந்தாலும் போகாது.

ஊர் திரும்பிய பிறகு

பறவை பார்க்கும் பழக்கத்தைச் சிதம்பரத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. பாலாற்றில் வரும் மழை வெள்ளத்தை வாலாஜாபேட்டை அருகே உள்ள அணைக்கட்டு திருப்பிவிடுகிறது. அந்த நீரில் நிறையும் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. நல்ல மழைக்குப் பிறகு அங்கே கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடும். ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு ஏரியாவது இருக்கும்.

ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் ‘இ-பேர்ட்’ செயலியில் பதிவு செய்தால் போதும். காக்கை, மைனாவும் கணக்கில் சேரும்.

பாலாற்றுப் பாலத்தில் நின்றுகூட இதைச் செய்யலாம். மழை பெய்து மணலில் குட்டை நிற்கும் ஆண்டில் எத்தனை கொக்கு வந்தது, வறண்ட ஆண்டில் எத்தனை, கழிவு கலக்கும் இடத்தில் எத்தனை என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்து ஆண்டுகள் எழுதி வைத்தால், ஆறு எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு அந்தக் குறிப்பேடே சாட்சியாக இருக்கும்.